மாறாத ஓநாய்கள்

'ஹோட்டல் டிரான்சில்வேனியா' (2012) அனிமேஷன் படத்தில் எனக்குப் பிடித்தவர் டிராகுலா இல்லை. வேய்ன், வாண்டா என்ற ஓநாய்மனிதத் தம்பதிதான். ஏகப்பட்ட குட்டிகள். அப்பா கத்தினால் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது. கடைசியில் மோப்பம் பிடிக்கச் சொல்லும்போது மகள் வினி மட்டும் முன்வருகிறாள். ஸ்டீவ் புஸெமியின் அலுத்துப்போன குரலுக்காகவே இரண்டு தடவை பார்த்தேன்.

ஆனால் இந்த ஓநாய்கள் மாறுவதே இல்லை. பௌர்ணமியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வேர்வுல்ஃப் கதைக்கு உயிரே உருமாற்றம்தானே? 1941இல் வந்த 'தி உல்ஃப் மேன்' படத்தில், ஓநாயாகிவிட்ட மகனை அடையாளம் தெரியாமல் அப்பாவே வெள்ளிப்பூண் கைத்தடியால் அடித்துக் கொல்கிறார். நம்ம திருவிளையாடலில் மாணிக்கவாசகருக்காகப் பரிகளான நரிகள், ராத்திரி மதுரை லாயத்தில் பழையபடி நரிகளாகி, பக்கத்தில் கட்டியிருந்த நிஜக் குதிரைகளைக் குதறுகின்றன. சிரிப்பும் திகிலும் ஒரே கொட்டடியில்.

தி.நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், கேட் திறக்கிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு வருவது எந்த அப்பா என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அதற்குத் தகுந்த மாதிரி நாங்கள் டிவியை அணைப்போம், அல்லது அணைக்க மாட்டோம். வேய்னின் குட்டிகளுக்கு அந்தக் காது தேவைப்படவே இல்லை. பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அதனாலேயே அந்தக் குடும்பம் ஒரு துணுக்காக நின்றுவிடுகிறது. 2017இல் வந்த டிவி தொடரும் டிராகுலாவின் மகள் மேவிஸ் பின்னாலேயே போய்விட்டது. ஏதோ ஒரு சாயங்காலம் வேய்ன் நிஜமாகவே மாறியிருந்தால், அத்தனை குட்டிகளும் எங்கே போய் ஒளிந்திருக்கும்?