பெயர் விடுபட்ட பூட்டிகள்

மார்கரெட் லோறன்ஸின் 'த டிவைனேர்ஸ்' (1974) நாவலை வேர்களைத் தேடும் கதையாக வாசிப்பதே வழக்கம். யாருடைய வேர், யார் வைத்திருந்த பதிவேட்டில் என்ற கேள்வியையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

1811இல் செல்கேர்க் பிரபு ஹட்சன் பே கொம்பனியிடமிருந்து றெட் றிவர் பள்ளத்தாக்கில் பெருநிலம் பெற்றார். செம்மறிப் பண்ணைகளுக்காக ஸ்கொட்லாந்தின் சதர்லண்டிலிருந்து துரத்தப்பட்ட குடியானவர்கள் 1813இல் கப்பலேறி, மறு ஆண்டு இன்றைய வினிப்பெக் பகுதியை அடைந்தனர். அடுத்தடுத்த காணிகள், சில குடும்பங்களுக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் சம்பந்தம். கப்பல் பட்டியலும் காணிப் பதிவும் இருப்பதால் இவர்களின் வம்சாவளியைத் தேடுவது பெருஞ்சிரமமல்ல.

இதற்கும் முந்தியது இன்னொரு ஸ்கொட்டிஷ் வழி. கொம்பனி ஊழியரான ஓர்க்னித் தீவினர் பலர் கிறீ, ஒஜிப்வே பெண்களுடன் அந்நாட்டு வழக்கப்படி குடும்பம் நடத்தினர். பதிவேடுகளில் தந்தைக்குப் பெயருண்டு. தாய் பல இடங்களில் வெறும் 'இந்தியப் பெண்'. 1830இல் கொம்பனி ஆளுநர் ஜோர்ஜ் சிம்சன், தன் பிள்ளைகளின் தாயான கலப்பினப் பெண் மார்கரெட் ரெயிலரை விலக்கிவிட்டு, லண்டனில் தன் உறவுக்காரி பிரான்ஸஸை மணந்தார். வெள்ளை மனைவி அந்தஸ்தின் சின்னமானாள். சில்வியா வான் கேர்க்கின் 'மெனி ரெண்டர் ரைஸ்' (1980) இம்மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது.

1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மனிற்றோபாவின் சனத்தொகை ஏறத்தாழ 12,000. வெள்ளையர் 1,565 பேர். பிரெஞ்சு பேசும் மெற்றிகள் 5,757. ஆங்கிலம் பேசும் கலப்பினத்தவர் 4,083. கலப்பே அங்கு பெரும்பான்மை.

நாவலில், ஸ்கொட்டிஷ் வழிவந்த மொறாக்குக்குக் கிறிஸ்ரி, பைப்பர் கன்னின் வீரக்கதையைச் சொல்கிறான். மெற்றியான ஜூல்ஸ் தொனேர் தன் முன்னோரின் கதையைச் சொல்கிறான். ஒரே வரலாறு இரு வாய்களில் இரண்டாகிறது. இதில் லோறன்ஸின் நேர்மை தெரிகிறது. எனினும், மெற்றிகளின் முகமாக அவர் நிறுத்துவது பிரெஞ்சுப் பெயர் கொண்ட குடும்பத்தையே. கதையின் மையத்தில் கலப்பு நிகழ்வது இருபதாம் நூற்றாண்டில், மொறாக்–ஜூல்ஸ் மகள் பீக்கின் பிறப்பில். ஸ்கொட்டிஷ் பெயரையும் கிறீப் பூட்டியையும் ஒருங்கே கொண்டவர்களின் வாரிசுகளுக்கு அந்த மையத்தில் இடமில்லை. இரு தூய மரபுகள் அப்போதுதான் முதன்முறையாகச் சந்திக்கின்றன என்ற தோற்றம் எழுகிறது. பதிவேடு செய்த அழிப்பு கதையாடலிலும் தொடர்கிறது.

எங்கள் அந்தியேட்டிக் கல்வெட்டுகளில் சாதி மாறி மணந்தவர்கள் காணாமற்போவதை அறிந்தவர்களுக்கு இந்த அழிப்பின் பொறிமுறை புதிதல்ல.

ஸ்கொட்லாந்துக்குப் போகும் மொறாக், மூதாதையரின் சதர்லண்டுக்குப் போகாமலே திரும்புகிறாள். தன் மண் கிறிஸ்ரியின் ஊரே என உணர்கிறாள். புலம்பெயர்ந்த வாசகருக்கு உவப்பான முடிவுதான். ஆயினும் அம்மண் கிறிஸ்ரியின் முன்னோருக்கு எப்படிக் கிடைத்தது? துரத்தப்பட்டு வந்தோம் என்பது அதற்கான பதிலாகாது. கனடாவில் காணி வாங்கும் நாமும் இக்கேள்விக்கு வெளியே நிற்கவில்லை.