ரேட் சொல்லும்போது ஏன் நாக்கு ஒட்டுகிறது?

உங்கள் கல்யாண ஆல்பத்தைக் கடைசியாக எப்போது புரட்டினீர்கள்? அதை எடுத்த போட்டோகிராபரின் முகம் ஞாபகம் இருக்கிறதா?

எனக்கும் இல்லை. போன மாதம் இளையரசனேந்தலில் ஒரு கல்யாணம். கோவில்பட்டியில் பஸ் மாறி, கரிசல் காட்டு வெயிலில் போய் இறங்கினேன். மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த பையன்தான் போட்டோகிராபர். ஸ்டுடியோவில் மாசச் சம்பளத்துக்கு இருந்தவர், அதை விட்டுவிட்டுத் தனியாக இறங்கி எட்டு மாதம் ஆகிறதாம். பெண்ணின் அப்பா வந்து, ‘‘எம்புட்டு தம்பி பாக்கி?’’ என்றார். பேசியிருந்தது 18,000. பையன் தலையைச் சொறிந்தார். ‘‘நம்ம வீட்டு விசேஷம் மாமா, பாத்துக் குடுங்க. மொத்தம் பன்னண்டு போதும்.’’

யாருமே பேரம் பேசவில்லை, கவனியுங்கள். இவரே கேட்டு, இவரே குறைத்துக்கொண்டார்!

நான் பி.காம். படித்தவன். சும்மா இருக்க முடியவில்லை. தாம்பூலப் பையின் பின்னால் கணக்குப் போட்டேன். கேமராவின் ஷட்டருக்கு ஒரு ஆயுசு உண்டு. இவர் வைத்திருப்பது மாதிரியான மாடலுக்கு ஒன்றரை லட்சம் கிளிக். கல்யாணத்துக்கு 3,000 படம் எடுத்தால் 50 கல்யாணம். பாடி விலை 75,000 என்றால், ஒவ்வொரு கல்யாணத்திலும் 1,500 ரூபாய் கேமரா தேய்கிறது. ஆல்பம் 5,000, உதவியாள் 1,500, பெட்ரோல் 500. மிச்சம் 3,500. முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம், அப்புறம் நாலு நாள் கம்ப்யூட்டர் முன்னால். நாளுக்கு 600 ரூபாய்கூடத் தேறவில்லை. இந்த மண்டபத்தைக் கட்டிய கொத்தனார் இதற்கு வரமாட்டார்.

‘‘தெரியும் அண்ணாச்சி. ஆனா ரேட் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கிடுது’’ என்றார்.

இந்தத் தன்னம்பிக்கை விவகாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. தயானிதா சிங், எண்பதுகளின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் டிசைன் படித்த மாணவி. ஜாகிர் உசேன் கச்சேரியில் படம் எடுக்கப் போனபோது அமைப்பாளர்கள் தடுக்க, கீழே விழுந்தார். எழுந்து, ‘இன்று நான் மாணவி. ஒரு நாள் முக்கியமான போட்டோகிராபர் ஆவேன், அப்போது பார்க்கலாம்’ என்கிற அர்த்தத்தில் உஸ்தாதிடமே சொல்லிவிட்டுப் போனாராம். 2022-ல் அவருக்கு ஹாசல்பிளாட் விருது கிடைத்ததும் கதை மறுபடி ஒரு சுற்று வந்தது.

எனக்கு அந்தக் கதையில் ஒரு புகார். ரஜினி பட பஞ்ச் டயலாக் மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஆறு குளிர்காலம் ஜாகிர் உசேன் குழுவோடு ஊர் ஊராகப் போனார். 1986-ல்தான் புத்தகம். சவால் விட ஒரு நிமிஷம், ஆறு வருஷம் பஸ், ரயில், காத்திருப்பு. தைரியம் அந்த ஆறு வருஷத்தில் வந்திருக்கும் என்பது என் கட்சி.

அந்த விருதையொட்டி, கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் ‘பாரி’ அமைப்போடு சேர்ந்து தயானிதா ஓர் ஆவணப் புகைப்பட விருதை ஏற்படுத்தினார். 2022-ல் முதல் விருது எம்.பழனிகுமாருக்கு. மதுரைப் பக்கத்துக்காரர். மீன் விற்ற தாயின் மகன். மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி 2017-ல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அம்மா, மீன் கூடை, வறுமை என்று உருகிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். படத்தைப் பாருங்கள் சார்! ராமநாதபுரம் பாரதிநகரில் கடல்பாசி எடுக்கும் பெண்களை எடுத்திருக்கிறார். சேலைக்கு மேல் சட்டை, கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி. மூச்சடக்கிப் பாறை இடுக்கில் பாசியைப் பறிக்கிறார்கள். கேமரா கரையில் உட்கார்ந்து ‘ஐயோ பாவம்’ சொல்லவில்லை. அதுவும் தண்ணீருக்குள் இருக்கிறது. அந்தப் பெண்கள் தொழில் தெரிந்தவர்களாகத் தெரிகிறார்கள், பரிதாபத்துக்குரியவர்களாக அல்ல. எங்கே நிற்பது என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால் படத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. நம் கல்யாண ஆல்பங்களில் இல்லாதது இதுதான். மாப்பிள்ளையை இதய வடிவத்துக்குள் அடைத்து, பின்னால் சுவிட்சர்லாந்தை ஒட்டினால், எடுத்தவர் எங்கே நின்றார் என்றே தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. துயரப் படங்கள் வரிசையாக வரும்போது கண் மரத்துப் போகிறது. தன் அம்மாவின் மீன் வியாபாரத்தை அவர் பதிவு செய்த தொகுப்புதான் எனக்கு இன்னும் நெருக்கம். அதில் தெரிந்தவர் வீட்டுக்குள் நுழைகிற சுவாதீனம் இருக்கிறது.

என் செல்போனில் பாசிப் படங்களைப் பையனிடம் காட்டினேன். முதல் கேள்வி: ‘‘என்ன லென்ஸ் அண்ணாச்சி?’’ சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் புரட்டினார். ‘‘உள்ள எறங்கிட்டாரு...’’ என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் தன் கேமராவை நீட்டினார். முந்தைய ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் எடுத்தது. மூன்று பெண்கள் ஆளுயர அண்டாவைச் சாய்த்துக் கழுவுகிறார்கள். ஒருத்தி பாதி உடம்பு அண்டாவுக்குள். ஒற்றை பல்ப் வெளிச்சம், ஈரத் தரை. மேடையில் எடுத்த மூவாயிரத்தைவிட இது மேல். ‘‘அவங்கட்டயும் காட்டினேன், ஒரே சிரிப்பு. ஆல்பத்துல வைக்க மாட்டாங்க’’ என்றார்.

‘‘எனக்கு ஒரு பிரின்ட் வேணும். எவ்வளவு?’’

‘‘சும்மா எடுத்ததுதான அண்ணாச்சி...’’

‘‘ரேட்?’’

தலைக்குக் கை போனது. பாதியில் நின்றது. ‘‘ஆயிரம்.’’

‘‘எண்ணூறு?’’ என்று வேண்டுமென்றே கேட்டேன்.

‘‘இல்ல அண்ணாச்சி. ஆயிரம்.’’

கொடுத்துவிட்டேன். பில் கேட்டதற்குத்தான் முழித்தார்.