பெருமாளின் படத்தை எப்படிப் பார்ப்பது?

தமிழக-கர்நாடக எல்லையில், வேப்பனப்பள்ளி, மகாராஜகடை பக்கம் யானை இறங்கினால் கொஞ்ச நேரத்திலேயே எல்லார் போனுக்கும் படம் வந்துவிடுகிறது. பாதி தும்பிக்கை, பாதி தூசி, ஓரத்தில் யாரோ ஒருவரின் முதுகு. யானை வந்த செய்தி அதில் இருக்கிறது, யானை இல்லை. யானை இருக்கிற படத்தைப் பார்க்கக் காட்டுயிர்ப் படக்காரர் டி.என்.ஏ. பெருமாளிடம் போக வேண்டும்.

1932இல் தஞ்சாவூரில் பிறந்தவர். நம் எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்தார். புகைப்படக் கலைஞர் ஓ.சி. எட்வர்ட்ஸிடம் கற்றதை, தேடி வந்த இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். லண்டன் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி ஃபெல்லோ பட்டம் தந்தது. கர்நாடகத்துக் காட்டுயிர்ப் படக்காரர்கள் பலருக்கு அவர்தான் குரு. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணனைக் கொண்டாடும் தமிழ் வாசகர்களிலும் பலருக்கு இவர் பெயர் தெரியாது. எனக்கு அது தீராத மனக்குறை.

அவருடைய படம் கையில் கிடைத்தால், என்ன கேமரா என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். முதலில் கண்ணைப் பாருங்கள். இரவில் எடுத்த ஆந்தைப் படம் என்றால் கருவிழிக்குள் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். அது ஃபிளாஷின் பிம்பம். அந்தப் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்பதை வைத்தே விளக்கு எந்தப் பக்கம் நின்றது என்று சொல்லிவிடலாம். ஃபிளாஷ் கேமராவோடு ஒட்டியிருந்தால் முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் நகர்த்தி வைத்தால் ஒவ்வொரு இறகுக்கும் தனி நிழல் கிடைக்கும். பின்னாலிருந்து இன்னொன்று அடித்தால் தலையோரம் வெளிச்சக் கோடாகி, உருவம் இருட்டிலிருந்து பிரிந்து நிற்கும். ஃபிலிம் காலத்தில் இதையெல்லாம் மனக்கணக்கில் போட வேண்டும். ஒரு ரோலுக்கு 36 படம். சரியாக வந்ததா என்பது கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

அடுத்து ஓரங்களைப் பாருங்கள். மரக்கிளை எங்கே வெட்டுப்படுகிறது, பார்க்கும் திசையில் பறவைக்கு இடம் விட்டிருக்கிறாரா? பின்னணியில் கம்பியோ கம்பமோ இருக்காது. இயற்கைப் படப் போட்டிகளில் மனிதனின் சுவடு தெரியக்கூடாது என்பது பொதுவான விதி. ஆனால் சோலார் வேலியும் டவரும் நிறைந்த நம் ஊரில், வேலியையும் சேர்த்து எடுத்த யானைதான் உண்மையான யானை என்று நினைக்கிறேன்.

கடைசியாக, அந்த உயிர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கவனியுங்கள். இரை தின்கிறதா, குஞ்சைப் பார்க்கிறதா, கேமராவைப் பார்த்து மிரள்கிறதா? மிரண்டிருந்தால் எடுத்தவர் அவசரப்பட்டிருக்கிறார். படத்தைவிட உயிரின் நலம் பெரிது என்பது இந்தக் கலையின் முதல் சட்டம்.

நீங்களே படம் எடுக்க நினைத்தால், ராகி அறுவடைக்கு யானைகள் வரும்போது பின்னால் ஓட வேண்டாம். மாந்தோப்பில் புள்ளி ஆந்தை இருக்கும், ஏரிக்கரையில் மீன்கொத்தி இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, போனைப் பையில் போட்டுவிட்டு, அது உங்களைச் சட்டை செய்யாமல் தன் வேலையைத் தொடங்கும் வரை தள்ளி உட்காருங்கள். பிறகு எடுக்கலாம்.