பொதுக்கூற்றும் தனிச்செய்தியும்: 'பின் தொடரும் நிழலின் குரல்' புதினத்தில் கருத்தியலும் உண்மையும்

அரசியல் கருத்தியல் உண்மையை மறைக்கும் என்பது பழகிய கூற்று. அது எவ்வாறு மறைக்கிறது என்பதே ஆராயத்தக்கது. ஜெயமோகனின் 'பின் தொடரும் நிழலின் குரல்' (1999) இவ்வினாவை நிகோலாய் புகாரினின் வழக்கைக் கொண்டு எழுப்புகிறது. கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட வீரபத்திர பிள்ளையின் எழுத்துகள் தொழிற்சங்கத் தலைவர் அருணாசலத்தின் கைக்கு வருகின்றன. அவற்றின் வழியே புகாரினும் அவரை வந்தடைகிறார்.

1938 மார்ச்சில் மாஸ்கோவில் 21 பேர் மீது நடந்த வழக்கில் புகாரின் அளித்த வாக்குமூலம் நுணுகி நோக்கத்தக்கது. சதிக்கூட்டத்தின் குற்றங்கள் அனைத்திற்கும், தாம் அறியாதவற்றிற்கும்கூட, அவர் பொறுப்பேற்றார். ஆயின் உளவு பார்த்ததையும் 1918இல் லெனினைக் கொல்லத் திட்டமிட்டதையும் மறுத்தார். பொதுக்கூற்றைக் கருத்தியலுக்கு விட்டுக்கொடுத்தவர், தனிச்செய்தியை விட்டுக்கொடுக்கவில்லை. குற்றத்தை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற செய்திகளைப் பின்னர் தேடுவதே கருத்தியலின் வழி என்பதை அம்மறுப்பு வெளிப்படுத்துகிறது.

அவ்வழக்கின் நடவடிக்கைகள் அவ்வாண்டே நூலாக அச்சாயின. புகாரின் தாம் கைதாகுமுன் எழுதிய இறுதிக் கடிதமோ தாளில் எஞ்சவில்லை. அவருடைய மனைவி அன்னா லாரினா அதனை மனனம் செய்து, சிறைமுகாம்களிலும் நாடுகடத்தலிலும் நினைவில் காத்தார். சோவியத் நாட்டில் அக்கடிதம் அச்சேற ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1988இல் புகாரின் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். இங்கு ஆவணம் பொய்யைத் தாங்கியது. நினைவு உண்மையைத் தாங்கியது. ஆவணத்தையே உறுதியான சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

புதினத்தின் வலிமையும் இத்தனிச்செய்தியிலேயே உள்ளது. அருணாசலத்தை உலுக்குவது கோட்பாட்டு மறுப்பு அன்று. ஒரு மனிதருக்கு இழைக்கப்பட்ட அநீதி. கதை, நாடகம், கடிதம், கட்டுரை எனப் பல வடிவங்கள் விரவி வருவதால் எந்த ஒரு குரலும் இறுதித் தீர்ப்பாக நிலைபெறுவதில்லை.

எனினும் இவ்வடிவமே ஓர் இடரையும் கொண்டுள்ளது. வரலாற்று மாந்தர்க்குப் புனைந்தளித்த பேச்சும் நிகழ்ந்த செய்தியும் ஒரே உறுதியுடன் அடுத்தடுத்து நிற்கின்றன. புனைவாசிரியர்க்கு இவ்வுரிமை உண்டு. ஆனால் அரசியல் விவாதத்தில் இப்புதினத்தையே வரலாற்றுச் சான்றாக எடுத்துக்காட்டுவோர், பெரிய உண்மைக்காகச் சிறு செய்திகளைப் புனையலாம் என்ற நிலைக்குத் திரும்புகின்றனர். மாஸ்கோ நீதிமன்றம் நின்றதும் அந்நிலையிலேதான். ஆகவே இப்புதினத்தைச் சாட்சியமாகக் கொள்ளாது, சாட்சியத்தைத் தேடத் தூண்டும் வினாவாகக் கொள்வதே அதற்கு நேர்மை செய்யும் வாசிப்பாகும்.