கிரானைட்டின் பெற்றோர் யார்?

கிரானைட் எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்டால், “பூமியின் ஆழத்தில் பாறைக் குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் உண்டாயிற்று” என்று மாணவர் விடை எழுதுவர். விடை சரிதான், ஆனால் அது பாதி விடையே. எது உருகியதால் அந்தக் குழம்பு கிடைத்தது? இக்கேள்விக்கு 1974-ஆம் ஆண்டில் புரூஸ் சாப்பல், ஆலன் ஒயிட் என்னும் இரு ஆஸ்திரேலிய அறிஞர்கள் ஒரு விடை தந்தனர். நிலவியல் வகுப்புகளில் இன்றும் அது கற்பிக்கப்படுகிறது. அந்த விடை எந்த அளவுக்கு நிலைக்கும் என்பதை இங்கே சீர்தூக்கிப் பார்ப்போம்.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் லாக்லன் மடிப்பு மண்டலத்தில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரானைட்டுகள் ஏராளமாக உள்ளன. அவற்றை இவ்வறிஞர்கள் இரண்டாகப் பிரித்தனர். ஹார்ன்பிளெண்டு என்னும் கனிமம் கொண்டவை பழைய அனற்பாறைகள் மீண்டும் உருகியதால் பிறந்தவை. இவை ‘ஐ’ வகை. அலுமினியம் மிகுந்து, கார்டியரைட்டு, மஸ்கோவைட்டு போன்ற கனிமங்களைக் கொண்டவை படிவுப் பாறைகள் உருகியதால் பிறந்தவை; இவை ‘எஸ்’ வகை. பாறை சிதைந்து களிமண்ணாகும்போது சோடியமும் கால்சியமும் நீரில் கரைந்து போகின்றன, அலுமினியம் தங்கிவிடுகிறது. களிமண் உருகிப் பிறந்த கிரானைட்டில் அலுமினியம் மிகுந்திருப்பது இதனால்தான். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பதே இக்கொள்கையின் சாரம்.

இப்பாகுபாட்டின் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கையில் சுத்தியலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் மட்டுமே கொண்டு களத்திற்குச் செல்பவருக்கும் அது ஒரு வழிகாட்டி. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. பாறையைப் பொடித்துப் பகுத்தாய்ந்தால் கிடைப்பது சராசரி அளவே. சேலையில் பாவு ஒரு நூலாகவும் ஊடை வேறொரு நூலாகவும் இருந்தால் என்ன செய்வது? இரு குழம்புகள் கலந்தனவா, எப்போது கலந்தன என்பதைப் பொடி சொல்லாது.

இங்குதான் சிர்க்கான் சாட்சி சொல்ல வருகிறது. இது சிர்க்கோனியம் சிலிக்கேட்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கனிமங்களுள் இதுவும் ஒன்று. கிரானைட்டில் இது மிகச் சிறிய படிகங்களாக, மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்காக வளர்கிறது. எளிதில் சிதைவதில்லை.

சிர்க்கான் மூன்று செய்திகளைக் காத்து வைக்கிறது. முதலாவது, வயது. வளரும்போது அது யுரேனியத்தை ஏற்கும், காரீயத்தை ஏற்காது. எனவே இன்று அதில் காணப்படும் காரீயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்ததால் வந்ததே. இரண்டாவது, ஆக்ஸிஜன். பூமியின் கவசத்திலிருந்து வந்த குழம்பில் வளர்ந்த சிர்க்கானில், கடல்நீரை அளவுகோலாகக் கொண்டால், கனமான ஆக்ஸிஜன்-18 ஆயிரத்துக்குச் சுமார் 5.3 பங்கு கூடுதலாக இருக்கும். மண்ணும் நீரும் கலந்த படிவுகள் உருகிச் சேர்ந்திருந்தால் இவ்வளவு உயரும். மூன்றாவது, ஹாஃப்னியம். லுட்டீசியம்-176 மெல்லச் சிதைந்து ஹாஃப்னியம்-176 ஆகிறது. பழைய மேலோட்டில் லுட்டீசியம் ஒப்பளவில் குறைவு. ஆகவே அங்கே இது பின்தங்கிவிடுகிறது. குழம்பு புதிதாக வந்ததா, பழையதை உருக்கியதா என்பதை இதனால் அறியலாம். இத்தகைய நுண்படிகத்தின் ஒரு சிறு புள்ளியை மட்டும் அயனிக் கற்றையால் ஆராயும் ‘ஷ்ரிம்ப்’ கருவி, கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980-இல் செயற்படத் தொடங்கியது.

2007-ஆம் ஆண்டில் கெம்ப் என்பவரும் அவருடைய குழுவினரும் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிழக்கு ஆஸ்திரேலியாவின் ‘ஐ’ வகைக் கிரானைட்டுகளிலிருந்தே அவர்கள் சிர்க்கானை எடுத்தனர். ஆக்ஸிஜன்-18 மிகும்போது ஹாஃப்னியம் பழைய மேலோட்டின் பக்கம் சாய்வதை அவர்கள் கண்டனர். பழைய அனற்பாறை மட்டும் உருகியிருந்தால் இத்தொடர்பு இப்படி அமைந்திராது. கவசத்திலிருந்து வந்த குழம்பு படிவுப் பாறைகளோடு கலந்தே இக்கிரானைட்டுகள் பிறந்தன என்பது அவர்களின் முடிவு.

இம்முடிவு வலுவானது என்றே நான் கருதுகிறேன். எனினும் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பழைய சிர்க்கான் கருக்கள் ‘எஸ்’ வகையில் மிகுதியாகவும் ‘ஐ’ வகையில் குறைவாகவும் கிடைக்கின்றன. ஆகவே ‘ஐ’ வகையில் படிவுப் பாறைக்குப் பங்கில்லை என்று வாதிட்டால் அது பிழை. குழம்பு மிகச் சூடாக இருந்தால் பழைய சிர்க்கான் அதில் கரைந்துவிடும். சாட்சி இல்லாததால் சம்பவமே நடக்கவில்லை என்று சொல்லலாகாது.

ஹாஃப்னியத்தைக் கொண்டு கணக்கிடும் ‘மேலோட்டு வயது’ பற்றியும் எச்சரிக்கை தேவை. புதிய குழம்பும் பழைய பொருளும் கலந்திருந்தால், கணக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வயதைக் காட்டும். அந்தக் காலத்தில் எதுவுமே நிகழாமல் இருந்திருக்கலாம். அத்தகைய கலப்பை ஆக்ஸிஜனே காட்டிக் கொடுக்கும். ஆதலால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். மேலும், ஒரு மண்டலத்தின் தீர்ப்பை உலகின் எல்லாக் கிரானைட்டுக்கும் அப்படியே பொருத்துவதும் சரியன்று.

இந்த வாதத்தில் கிரானைட்டின் பெயர்ச்சீட்டு மட்டுமா அடங்கியிருக்கிறது? இல்லை. பழைய பாறையே மீண்டும் மீண்டும் உருகுகிறதென்றால் கண்டங்கள் வளரவில்லை. இருப்பதையே புரட்டிப் போடுகின்றன. கவசத்திலிருந்து புதுக் குழம்பு வந்து சேர்கிறதென்றால், கிரானைட் பிறக்கும்போதே கண்டமும் வளர்கிறது. நாம் நிற்கும் நிலத்தின் வரலாறே இவ்விடையில் அடங்கியுள்ளது.

ஆகவே ‘ஐ’, ‘எஸ்’ என்னும் எழுத்துகளைக் கைவிட வேண்டியதில்லை. அவற்றைப் பாறையின் தோற்றத்தைக் குறிக்கும் அடையாளங்களாக மாணவர்கள் கற்கட்டும். பிறப்புச் சான்றிதழாகக் கொள்ள வேண்டா. பிறப்பைப் பற்றிய கேள்வியைச் சிர்க்கானிடம் கேட்போம். அது சொல்லும் விடையையும் சோதித்தே ஏற்போம்.