தேம்பாவணி காட்டும் யூதேயா

வீரமாமுனிவரின் தேம்பாவணியைக் குறைகூறுவோர் முதலில் சுட்டும் இடம் நாட்டுப் படலம். புனித சூசையப்பரின் யூதேயாவில் நெல்வயலும் தாமரைப் பொய்கையும் எங்ஙனம் வந்தன என்பது அவர்தம் வினா. 1680-இல் இத்தாலியில் பிறந்தவர், தாம் காணாத நாட்டைத் தாம் பணியாற்றிய கொள்ளிடக் கரையின் சாயலில் தீட்டியது உண்மைப் பிறழ்ச்சியாம்.

இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. பெறப்படும் எதுவும் பெறுவோரின் இயல்புக்கு ஏற்பவே பெறப்படுகிறது என்பது புனித தோமா அக்குயினாஸ் பலகாலும் எடுத்தாளும் மெய்யியல் நெறி. கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கென நெல்லை முளைக்கவிட்டுப் பெத்லகேமைப் பசுமையாக்கும் நம் வீட்டுப் பெண்கள் பொய்யுரைக்கிறார்களா என்ன? அதேவேளை, 'அவரவர் பார்வை அவரவர்க்கு' என்று கைகழுவிவிடவும் இந்நெறி இடந்தராது. குடத்தின் வடிவை நீர் ஏற்கும்; நீரைக் குடம் படைப்பதில்லை.

தமிழ்க் கவிதையியல் இதனைத் தொன்றுதொட்டே அறியும். வடகவுஞ்சியைத் தன்னகத்தே கொண்ட பழனிமலைத் தொடரில் 2006-இலும் 2018-இலும் நீலக்குறிஞ்சி பூத்தது. தாவரநூலார்க்கு அது பன்னீராண்டுச் சுழற்சி. சங்கப் புலவர்க்கோ தலைவனும் தலைவியும் கூடும் நிலத்தின் அடையாளம். நிலத்தை உள்ளத்தின் வழியே கண்ட அம்மரபே, அகப்பாடலில் ஒருவரது பெயரைச் சுட்டலாகாது என்றும் விதித்தது. ஆழ்ந்த தன்னுணர்வு ஒருவரின் தனியுடைமையாக நின்றுவிடக்கூடாது என்ற எச்சரிக்கையை நாம் அதில் காண்கிறோம். முனிவரும் தம் இத்தாலியக் கண்ணைக் காப்பியத்தில் திணிக்கவில்லை. முப்பது வயதில் தமிழகம் வந்தவர், தமிழர் கண்ணால் காணப் பயின்றார். பார்வை பிறப்போடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு அவரினும் சிறந்த சான்று நமக்குத் தெரியவில்லை.

நமது குறை வேறு. அவர் பயின்ற கண் பெரிதும் மருதத்தின் கண். நாட்டுப் படலத்தில் வளம் மேலோங்க, பாறையிலும் முட்செடியிலும் விதை விழுந்த உவமையின் மண் மறைந்துபோகிறது. மலைச்சரிவில் கல் பொறுக்கி நிலந்திருத்தும் உழவருக்கு அவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை. முனிவரின் செந்நெல் வயலுக்கே உரை வேண்டும். அவர்தம் கண்ணுக்குப் புலப்படும் யூதேயாவைத் தமிழில் இன்னும் எவரும் பாடவில்லை.