கரைக்குக் கிடைத்த பரிசு

2022ஆம் ஆண்டுக்கான இந்திய ஸ்மார்ட் சிட்டி விருதுகளில், கட்டமைப்புப் பிரிவின் முதல் பரிசு கோயம்புத்தூருக்குப் போனது. மாதிரிச் சாலைகளோடு குளச் சீரமைப்புக்கும் சேர்த்துக் கொடுத்த பரிசு அது. 2023 செப்டம்பரில் இந்தூரில் குடியரசுத் தலைவர் கையால் வழங்கப்பட்டது. இப்போது புதுக்கோட்டைப் பக்கத்து ஊருணியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் "கோயம்புத்தூர் உக்கடம் குளம் மாதிரி பண்ணிடலாம்" என்கிறார்கள்.

குப்பையும் முள்ளுமாகக் கிடந்த கோயம்புத்தூர் வாலாங்குளக் கரையில் பெண்கள் இருட்டிய பிறகும் அச்சமின்றி நடக்கிறார்கள். நெரிசலான பகுதிப் பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் கிடைத்திருக்கிறது. நல்லதுதான்.

ஆனால் அங்குள்ள மிதக்கும் நடைமேடைக்கும் படகுக்கும் ஆண்டு முழுவதும் போதிய தண்ணீர் நிற்க வேண்டும். என் மறுப்பெல்லாம் இதில்தான். நொய்யல் அணைக்கட்டுகளிலிருந்து ராஜவாய்க்கால் வழியே தண்ணீர் வந்து, ஒரு குளம் நிரம்பி அடுத்ததற்குப் போவதற்காக வெட்டப்பட்ட குளங்கள் அவை. இன்று அதே வழிகளில் சாக்கடை வருகிறது; ஆகாயத்தாமரை படர்கிறது. கரையில் கல் பதித்தவர்கள் வாய்க்காலுக்கு அந்த அக்கறையைக் காட்டவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவூர் வட்டாரத்துக்கு இந்த வடிவம் இன்னும் பொருந்தாது. இங்கே கண்மாய் ஐப்பசி, கார்த்திகையில் பெருகி, கோடையில் வற்றும். வற்றுவது அதன் வேலையில் பாதி. அப்போதுதான் வண்டல் வயலுக்குப் போகும், ஆடு மாடு உள்ளே மேயும், மீன்பிடித் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே ஊத்தாவும் வலையுமாக இறங்கும். சாதிச் சண்டை நடந்த ஊரிலும் அன்று ஒரே சேற்றில் நிற்பார்கள். இதைவிடப் பெரிய பொதுவெளியை எந்தக் கட்டடக் கலைஞர் வரைந்து தரப்போகிறார்?

இம்மாவட்டத்துப் பழைய கண்மாய்களின் நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். குமிழித் தூம்பு. சிலவற்றில் கல்வெட்டும் உண்டு. அடியில் கல்தொட்டி, அதன் மேல்துளை நீரோடி, கீழே உள்ள சிறுதுளைகள் சேறோடி. நீரோடியைத் திறந்தால் பாயும் தண்ணீர் சேற்றையும் இழுத்துக்கொண்டு கரைக்கடியில் செல்லும் சுருங்கை வழியே வெளியேறும். தண்ணீர் விடும்போதே தூர் வாரும் ஏற்பாடு. அழகுபடுத்தும் திட்டத்தில் இந்தத் தூண்களுக்குக் கிடைக்கக்கூடியது வண்ண விளக்கும் விளம்பரப் பலகையும்தான்.

"பாசனமே போன நகரக் குளத்துக்குத் தூம்பும் மடையும் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அடைமழைக்கு முன் மட்டத்தைக் குறைக்க மடைதான் வழி. படகுக்காக முட்ட நிறுத்திய குளத்தில் மழைத் தண்ணீருக்கு ஏது இடம்? அது தெருவுக்குத்தான் வரும்.

கோயம்புத்தூரில் முத்தண்ணன் குளக்கரையில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தும் உறுதி அரசுக்கு இருந்தது. வரத்து வாய்க்காலை மறித்துக் கட்டிய பெரிய கட்டடங்கள் மேல் அந்த உறுதி ஏன் பாயவில்லை? நடைபாதைக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் வாய்க்காலுக்கும் மடைக்கும் கலிங்குக்கும் செலவிடட்டும். ஒரு பருவமழை வந்து, நிரம்பி, மறுகால் பாய்ந்து, வற்றட்டும். நடைபாதை எங்கே வேண்டும் என்று அதன் பிறகு ஊர் உட்கார்ந்து பேசிக்கொள்ளும்.